பெயரில்லாக் குரல்கள்: பிளாக் பாக்ஸ் குழுவும் இத்தாலிய ஹவுஸ் இசையும்

1989ஆம் ஆண்டுக்கும் 1991ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் ஐரோப்பிய நடன இசையின் போக்கையே மாற்றிய குழுக்களுள் ஒன்றான பிளாக் பாக்ஸ், வட இத்தாலியில் உள்ள ரெஜியோ எமிலியா என்னும் நடுத்தர நகரத்தின் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் உருவானது. இக்குழுவின் பாடல்கள் பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் உச்சத்தையும், அமெரிக்காவில் முதல் பத்து இடங்களையும் தொட்டன. பியானோவை முன்னிறுத்தும் அவற்றின் ஒலியமைப்பு ஒரு தலைமுறையின் நடனக்கூடங்களை ஆண்டது. ஆனால் இக்குழுவின் வரலாற்றை இசையின் வரலாறாக மட்டும் எழுதிவிட முடியாது. பாடலைப் பாடியவர் ஒருவர், மேடையில் தோன்றியவர் மற்றொருவர், உறையில் அச்சாகாத பெயர் யாருடையது என்ற கேள்விகள் அதன் ஒவ்வொரு வெற்றியோடும் ஒட்டிக்கொண்டே வந்தன. பழைய ஒலியை வெட்டிப் புதிய இசையாக ஆக்கியது உண்மையான கலை. குரலுக்குரியவரை மறைத்தது அந்தக் கலைக்குச் சற்றும் தேவைப்படாத வணிக முடிவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காத எந்த மதிப்பீடும் பிளாக் பாக்ஸுக்கும் நியாயம் செய்யாது, அதற்குக் குரல் கொடுத்த பெண்களுக்கும் நியாயம் செய்யாது.

ஹவுஸ் என்பது அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்த நடன இசை வகை. 1977இல் அங்கே தொடங்கப்பட்ட வேர்ஹவுஸ் என்னும் நடனக்கூடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற டி.ஜே., அதாவது இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து இரவு முழுவதும் இடையறாமல் ஒலிக்கச் செய்பவர், டிஸ்கோ பாடல்களைப் புதிய முறையில் கோத்து வழங்கினார். அந்தக் கூடத்தின் பெயரின் பின்பாதியே இசைக்கும் பெயராயிற்று என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அங்கு கூடியவர்களுள் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள்; அவர்களுள் பலர் ஒருபாலீர்ப்பினர். 1979 ஜூலையில் அதே சிகாகோவின் விளையாட்டரங்கம் ஒன்றில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்க்கும் அளவுக்கு வெறுப்பு மூண்டிருந்தது. பெரிய நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிட்ட பின்னும் இந்த இளைஞர்கள் அதைக் கைவிடவில்லை. மலிவாகக் கிடைத்த தாள இயந்திரங்களைக் கொண்டு, நான்கு அடிகளிலும் சீராக விழும் கனத்த முரசொலியை அடித்தளமாக வைத்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 130 அடிகள் வரை செல்லும் வேகத்தில் அவர்கள் புதிய இசையைக் கட்டினார்கள். ஸ்டீவ் 'சில்க்' ஹர்லியின் 'ஜாக் யுவர் பாடி' 1987 ஜனவரியில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றபோது, சிகாகோவின் இசை அட்லாண்டிக் கடலைத் தாண்டிவிட்டது என்பது உறுதியாயிற்று.

இத்தாலி இந்த இசையை வெறுங்கையோடு எதிர்கொள்ளவில்லை. 1980களின் முற்பகுதியிலேயே சிந்தசைசர் எனப்படும் மின்னணு இசைக்கருவிகளைக் கொண்டு அங்கே தயாரான இத்தாலோ டிஸ்கோ என்ற வகை ஐரோப்பா முழுவதும் விற்றது. அட்ரியாட்டிக் கடற்கரையில் ரிமினி, ரிச்சியோனே போன்ற ஊர்களில் கோடை விடுமுறைக்கு வரும் கூட்டத்தை நம்பிப் பெரிய நடனக்கூடங்கள் இயங்கின. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான இசைத்தட்டுகள் அங்கே உடனுக்குடன் ஒலித்தன. சிறு நிறுவனங்கள் ஒரு பாடலைச் சில நாட்களில் பதிவுசெய்து, மிலான் நகர விநியோகஸ்தர்கள் வழியே சந்தைக்கு அனுப்பிவிடும் ஏற்பாடு இருந்தது. ஒரே தயாரிப்பாளர் குழு ஐந்தாறு வேறு பெயர்களில் பாடல்களை வெளியிடுவது அந்தச் சூழலில் இயல்பான தொழில்முறை. குழு என்பது ஒன்றாக வளர்ந்து ஒன்றாக மேடையேறும் நண்பர்களைக் குறித்த ராக் இசை மரபிலிருந்து இது அடிப்படையில் வேறானது: இங்கே குழுவின் பெயர் ஒரு வணிகச் சின்னம், அதற்குள் யார் இருக்கிறார்கள் என்பது பாடலுக்குப் பாடல் மாறக்கூடியது. பின்னால் எழுந்த சிக்கல்கள் அனைத்துக்கும் இந்தத் தொழில்முறையில்தான் வேர் இருக்கிறது.

பிளாக் பாக்ஸை உருவாக்கியவர்கள் மூவர். டேனியலே டாவோலி நடனக்கூடங்களில் அனுபவம் பெற்ற டி.ஜே.; மிர்கோ லிமோனி விசைப்பலகைக் கலைஞர், ஒலிக்கோவையில் தேர்ந்தவர்; வலேரியோ செம்ப்ளிச்சி கிளாரினெட் பயின்ற செவ்வியல் இசைக்காரர். கூட்டத்தை எது ஆடவைக்கும் என்று அறிந்தவர், அதை இயந்திரத்தில் கட்டத் தெரிந்தவர், சுருதியும் ஒத்திசைவும் கற்றவர் என இம்மூவரின் திறன்களும் ஒன்றையொன்று நிறைவு செய்தன. குரூவ் குரூவ் மெலடி என்ற பெயரில் இயங்கிய இவர்கள், 1989இல் ஸ்டார்லைட் என்ற பெயரில் 'நியூமரோ உனோ'வையும், மிக்ஸ்மாஸ்டர் என்ற பெயரில் 'கிராண்ட் பியானோ'வையும் வெளியிட்டார்கள். பிளாக் பாக்ஸும் அத்தகைய பெயர்களுள் ஒன்றுதான். அந்த ஆண்டில் வெளிவந்த ஒரு பாடல் மட்டும் அதை மற்றவற்றிலிருந்து தனியே உயர்த்தியது.

அந்தப் பாடல் 'ரைட் ஆன் டைம்'. அதன் கட்டுமானத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுடையது. சாம்ப்ளர் என்பது எந்த ஒலியையும் எண்முறையில் பதிந்து, அதைத் துண்டாக்கி, விசையை அழுத்தும்போதெல்லாம் விரும்பிய சுருதியில் திரும்ப ஒலிக்கச் செய்யும் கருவி. 1980களின் பிற்பகுதியில் அதன் விலை சிறு ஒலிப்பதிவுக்கூடங்களுக்கும் எட்டும் அளவுக்கு இறங்கியிருந்தது. வாத்தியங்கள் இல்லாமல் குரல் மட்டும் உள்ள வடிவங்கள் டி.ஜே.க்களிடையே புழங்கின, வேறொரு தாளத்தின்மேல் அந்தக் குரலை ஏற்றிப் பார்ப்பது அவர்களின் அன்றாட வித்தை. ரெஜியோ எமிலியாவின் மூவரும் 1980இல் வெளியான 'லவ் சென்சேஷன்' என்ற டிஸ்கோ பாடலின் குரலிலிருந்து உணர்ச்சி உச்சத்தில் வெடிக்கும் சில சொற்றொடர்களை மட்டும் எடுத்தார்கள். மூலப் பாடலில் அந்த உச்சத்துக்குக் கேட்பவர் படிப்படியாக அழைத்துச் செல்லப்படுகிறார். புதிய பாடலிலோ படிகளே இல்லை, உச்சம் மட்டும் மீண்டும் மீண்டும் வந்து மோதுகிறது. துண்டிக்கப்பட்ட அசைகளுக்கு அடியில் பியானோ தாளம் பிடிக்கிறது. குரல் நின்ற இடத்தைப் பியானோ நிரப்புகிறது, பியானோ ஓய்ந்த இடத்தில் குரல் பாய்கிறது. காதல் பாடலின் கதை முழுவதும் உதிர்ந்துபோய், கதையின் வேகம் மட்டும் எஞ்சிய வடிவம் அது. நறுக்கி ஒட்டிய வேலை என்று இதைத் தள்ளிவிடுவோர், எந்தத் துண்டை எடுப்பது, எதை விடுவது, எங்கே மௌனம் வைப்பது என்ற தேர்வில்தான் இவ்வகை இசையின் படைப்பாற்றல் இருக்கிறது என்பதைக் காணத் தவறுகிறார்கள்.

ஆனால் அந்தக் குரல் ஒருவருடையது. லொலியாட்டா ஹாலோவே 1946இல் சிகாகோவில் பிறந்தவர். கறுப்பினத் தேவாலயங்களின் வழிபாட்டு இசையான காஸ்பலில் பயின்று, அங்கிருந்து சோல் இசைக்கும் டிஸ்கோவுக்கும் வந்தவர். தொண்டையைக் கிழித்துக்கொண்டு எழுவது போலத் தோன்றினாலும் சுருதி பிசகாத அவருடைய உச்சக் குரல், தேவாலயத்தில் பல ஆண்டுகள் பாடிப் பழகியதன் பயன். 'லவ் சென்சேஷன்' பாடலை டான் ஹார்ட்மன் எழுதித் தயாரித்தார். சால்சோல் நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்க நடன இசைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் ஒரு பாடலில் இரண்டு உடைமைகள் உண்டு: மெட்டும் வரிகளும் சேர்ந்த இசைப்படைப்பு ஒன்று, அதன் ஒலிப்பதிவு மற்றொன்று. முன்னது எழுதியவருக்கும், பின்னது பெரும்பாலும் பதிவு நிறுவனத்துக்கும் உரியது. பாடியவருக்கு இவ்விரண்டிலும் பொதுவாக நேரடி உடைமை இல்லை. ஒலித்துண்டு எடுக்கப்பட்டபோது உரிமை கோரும் வலுவான நிலையில் எழுதியவரும் நிறுவனமும் இருந்தார்கள். எந்த ஒன்றுக்காக அந்தத் துண்டு எடுக்கப்பட்டதோ அந்தக் குரலுக்குரியவரின் கைதான் எல்லோரையும்விடப் பலவீனமாக இருந்தது.

1989 செப்டம்பரில் 'ரைட் ஆன் டைம்' பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்து, ஆறு வாரம் அங்கேயே நின்றது. அந்த ஆண்டில் அந்நாட்டில் மிக அதிகமாக விற்ற ஒற்றைப்பாடலும் அதுவே. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் காணொளியிலும் பாடகியாகத் தோன்றியவர் காத்ரின் கினோல் என்ற பிரெஞ்சு மாடல். ஹாலோவேயின் குரலுக்கு அவர் வாயசைத்தார். அனுமதியின்றி ஒலித்துண்டு பயன்படுத்தப்பட்டது என்ற புகார் எழுந்ததும், பின்னாளில் எம் பீப்பிள் குழுவின் பாடகியாகப் புகழ்பெற்ற ஹெதர் ஸ்மாலைக் கொண்டு அதே சொற்றொடர்கள் புதிதாகப் பாடிப் பதியப்பட்டன. ஹாலோவே தமக்கு நேர்ந்ததை வெளிப்படையாகவே கண்டித்தார். பின்னர் சமரசம் ஏற்பட்டது. ஒரே பாடலுக்கு இப்படி இரண்டு குரல்கள் அமைந்தும், இரண்டுக்கும் முகமாகத் தோன்றியவர் பாடாத மூன்றாமவர்தான். கினோலைக் குற்றவாளியாக்குவதும் சரியன்று. அவர் தமக்குக் கொடுக்கப்பட்ட வேலையைச் செய்தார். முடிவு எடுத்தவர்கள் வேறு.

இந்த அனுபவத்துக்குப் பின் ஒலித்துண்டைத் தவிர்த்து, நேரடியாகப் பாடகரைக் கொண்டு பாடவைக்கும் வழியைக் குழுவினர் தேர்ந்தெடுத்தார்கள். 1990இல் வெளியான 'டிரீம்லேண்ட்' தொகுப்பின் பெரும்பாலான பாடல்களைப் பாடியவர் மார்த்தா வாஷ். 'ஐ டோன்ட் நோ எனிபடி எல்ஸ்', 'எவ்ரிபடி எவ்ரிபடி', 'ஸ்ட்ரைக் இட் அப்' ஆகியவற்றோடு, எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் பழைய பாடலான 'ஃபேண்டஸி'யின் மறுவடிவமும் அவருடைய குரலில் அமைந்தவையே. 'எவ்ரிபடி எவ்ரிபடி' 1990இலும், 'ஸ்ட்ரைக் இட் அப்' 1991இலும் அமெரிக்காவின் முதன்மைப் பட்டியலில் எட்டாம் இடம் வரை ஏறின. ஆங்கிலம் தாய்மொழியல்லாத நாட்டிலிருந்து வந்த ஒரு நடன இசைக்குழுவுக்கு அது அரிய சாதனை. தொகுப்பின் உறையில் கினோலின் படம் இருந்தது. வாஷின் பெயர் எங்கும் இல்லை. மற்றப் பாடகர்கள் கேட்டுப் பயில்வதற்கான மாதிரிப் பதிவு என்று எண்ணியே தாம் பாடியதாகவும், ஒருமுறை தரப்பட்ட கூலியோடு கணக்கு முடிக்கப்பட்டதாகவும் வாஷ் தரப்பு கூறியது.

வாஷ் புதியவரோ அறியப்படாதவரோ அல்லர். சான்பிரான்சிஸ்கோவின் டிஸ்கோ பாடகர் சில்வெஸ்டருக்கு 1970களின் பிற்பகுதியில் துணைக்குரல் பாடியவர்; ஐசோரா ஆர்ம்ஸ்டெட்டுடன் சேர்ந்து டூ டன்ஸ் ஓ ஃபன் என்ற பெயரிலும், பின்பு வெதர் கேர்ள்ஸ் என்ற பெயரிலும் இயங்கியவர்; 1982இல் பதிவான 'இட்ஸ் ரெய்னிங் மென்' அவர்களை உலகறியச் செய்தது. 'டூ டன்ஸ்' என்ற பெயரே இரு பாடகியரின் பருமனைச் சுட்டுவது. அதை அவர்கள் கூச்சமின்றி, பெருமையாகவே ஏந்தினார்கள். ஆனால் 1981இல் எம்டிவி என்ற இசைக் காணொளித் தொலைக்காட்சி தொடங்கிய பின், ஒரு பாடல் காதுக்கு எட்டும் முன் கண்ணுக்கு எட்ட வேண்டும் என்ற நிலை வந்தது. பருமனான, நாற்பதை நெருங்கும் கறுப்பினப் பெண்ணின் குரல் வேண்டும், அவருடைய உருவம் வேண்டாம் என்று தொழில் முடிவு செய்தது. ஒரே பாடகி ஒரே காலத்தில் மூன்று வெவ்வேறு குழுக்களின் பாடல்களில் மறைக்கப்பட்டது இதற்குச் சான்று: பிளாக் பாக்ஸ் தவிர, செடக்ஷன் குழுவின் பாடலிலும், 1991 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரியின் 'கோனா மேக் யு ஸ்வெட்' பாடலிலும் ஒலித்த குரல் வாஷுடையதே. பின்னதன் காணொளியில் வாயசைத்தவர் செல்மா டேவிஸ்.

பின்னணிப் பாடல் மரபில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். ஒருவர் பாட மற்றொருவர் வாயசைப்பது இந்தியத் திரையில் எண்பது ஆண்டுக்கும் மேலான வழக்கம். அதில் என்ன ஏமாற்று இருக்கிறது? திரைப்படத்தில் நடிகர் பாடுவதாக யாரும் நம்புவதில்லை. பாடியவர் பெயர் எழுத்தில் காட்டப்படுகிறது, வானொலியில் சொல்லப்படுகிறது, பாடகருக்கென்றே தனி இரசிகர் கூட்டம் உண்டு என்பது விடை. ஆனால் இந்த வெளிப்படைத்தன்மை இங்கும் தானாக வந்ததன்று. 1949இல் வெளியான 'மஹல்' இந்திப் படத்தின் இசைத்தட்டில், பாடிய லதா மங்கேஷ்கரின் பெயருக்குப் பதிலாகக் கதாபாத்திரத்தின் பெயரான காமினி என்பதே அச்சாகியிருந்தது; கேட்பவர்கள் பாடியவர் யாரென்று வானொலி நிலையத்தைக் கேட்கத் தொடங்கிய பின்பே அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. கேட்பவரின் அக்கறையும் பாடகரின் விடாப்பிடியும் சேர்ந்தால்தான் பெயர் வெளிவரும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

பிளாக் பாக்ஸ் இதில் தனித்து நின்ற குழுவும் அன்று. பெல்ஜியத்தின் ஜோ போகர்ட் உருவாக்கிய டெக்னோட்ரானிக், 1989இல் வெளியிட்ட 'பம்ப் அப் த ஜாம்' பாடலைப் பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் இரண்டாம் இடம் வரை கொண்டு சென்றது. உறையிலும் காணொளியிலும் ஃபெல்லி என்ற மாடல்; பாடியவரோ கின்ஷாசாவில் பிறந்த யா கிட் கே. ஆயினும் அடுத்த பாடலிலேயே போகர்ட் யா கிட் கேயை முன்னிறுத்தினார். அந்தப் பாடலும் பெரும் வெற்றி பெற்றது. ஜெர்மனியின் ஃபிராங்க் ஃபாரியன் தயாரித்த மில்லி வனில்லி இரட்டையர் தம் தொகுப்பில் ஒரு வரிகூடப் பாடவில்லை என்று 1990 நவம்பரில் அவரே ஒப்புக்கொள்ள, அவர்கள் பெற்ற கிராமி விருது திரும்பப் பெறப்பட்டது. அந்த அவமானம் முழுவதும் வாயசைத்த இரு இளைஞர்கள் தலையில் விழுந்தது. இந்த வரிசையைப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது: பாடியவரும் வாயசைத்தவரும் மாறி மாறி இழப்பைச் சுமந்தார்கள், இருவரையும் ஏற்பாடு செய்தவர்கள் பெரும்பாலும் திரைக்குப் பின்னாலேயே பத்திரமாக இருந்தார்கள்.

வாஷ் நீதிமன்றம் சென்றார். பிளாக் பாக்ஸ் பாடல்களை அமெரிக்காவில் வெளியிட்ட ஆர்சிஏ நிறுவனத்துக்கு எதிராக 1990இல் அவர் தொடுத்த வழக்கு, இழப்பீட்டிலும் அந்நிறுவனத்துடனேயே தனிப்பாடகியாக ஒப்பந்தம் செய்துகொள்வதிலும் முடிந்தது. தம் பெயரையே தலைப்பாகக் கொண்ட தொகுப்பை 1993இல் அவர் வெளியிட்டார். சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி மீதான வழக்கு 1994இல் சமரசத்துக்கு வந்தது. அந்தக் காணொளியில் குரல் வாஷுடையது, தோற்றம் டேவிஸுடையது என்ற அறிவிப்பு சேர்க்கப்பட வேண்டும் என்று, அக்குழுவின் பாடல்களை வெளியிட்ட சோனி நிறுவனம் எம்டிவியைக் கேட்டுக்கொண்டது. பாடியவர் பெயரை இசைத்தட்டில் தவறாமல் குறிப்பிடும் வழக்கம் அமெரிக்காவில் வலுப்பட்டதில் இந்த வழக்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒலித்துண்டு விஷயத்திலும் ஏறத்தாழ இதே காலத்தில் கட்டுப்பாடு இறுகியது: கில்பர்ட் ஓ சல்லிவனின் பாடலிலிருந்து அனுமதியின்றி எடுத்த ராப் பாடகர் பிஸ் மார்க்கீயின் இசைத்தட்டுக்கு எதிராக 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், முன் அனுமதி பெறாமல் துண்டெடுப்பது பெரிய நிறுவனங்களுக்கு இயலாததாயிற்று.

இவற்றையெல்லாம் சொன்ன பிறகும், குழுவின் இசைத்திறனை மறுப்பதற்கில்லை. 1988இல் வெளியான கோர்க் எம்1 என்னும் விசைப்பலகையின் கூர்மையான, சற்றே செயற்கையான பியானோ ஒலி இத்தாலிய ஹவுஸின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பிரெஷியா நகரிலிருந்து இயங்கிய ஜான்ஃபிராங்கோ போர்த்தொலோத்தியின் 49ers, கப்பெல்லா போன்ற பெயர்களும் அதே பாணியில் வெற்றி கண்டன. சிகாகோவின் தொடக்ககால ஹவுஸில் இருந்த இருண்மையும் வெறுமையும் இங்கே மறைந்து, டிஸ்கோவின் மகிழ்ச்சி மீண்டது. 'எவ்ரிபடி எவ்ரிபடி' பாடலில் தாளமும் அடிச்சுர ஒலியும் மிகுந்த சிக்கனத்தோடு அமைந்திருப்பதால்தான் வாஷின் குரல் விரிவதற்கு அத்தனை இடம் கிடைக்கிறது. குரலின் மதிப்பை முழுமையாக உணர்ந்தவர்களால் மட்டுமே அப்படி ஒரு பாடலைக் கட்ட முடியும். உணர்ந்தவர்களே மறைத்தார்கள் என்பதுதான் அந்த மறைப்பை மேலும் பாரமாக்குகிறது.

1990களின் நடுப்பகுதியில் சார்வோனி என்ற பாடகியுடன் குழு இரண்டாவது தொகுப்பை வெளியிட்டது. பழைய உயரத்தை அது எட்டவில்லை. வழக்குகளால் தொழில் முழுவதும் திருந்திவிட்டதாகவும் கொள்ள முடியாது. 1993இல் இத்தாலியில் வெளிவந்து அடுத்த ஆண்டு உலகெங்கும் ஒலித்த கொரோனாவின் 'தி ரிதம் ஆஃப் தி நைட்' பாடலின் காணொளியில் பிரேசிலில் பிறந்த ஓல்கா சோசா தோன்றினார். பாடியவர் ஜென்னி பி என்று அறியப்படும் ஜியோவானா பெர்சோலா. 2000இல் இத்தாலியின் சான்ரேமோ இசைவிழாவில் புதுமுகங்கள் பிரிவில் ஜென்னி பி முதலிடம் வென்றார். உலகமே கேட்ட குரலுக்கு உரியவர் ஏழாண்டுக்குப் பின் புதுமுகமாக மேடையேற வேண்டியிருந்தது.

மறைத்தால்தான் விற்கும் என்ற வாதத்துக்கு ஒரே ஒரு பாடல் போதுமான மறுப்பு. 1991இல் மார்க்கி மார்க் குழு 'குட் வைப்ரேஷன்ஸ்' பாடலுக்கு அதே 'லவ் சென்சேஷன்' ஒலிப்பதிவையே பயன்படுத்தியது. லொலியாட்டா ஹாலோவேயின் பெயர் பாடலில் குறிப்பிடப்பட்டது. நாற்பதைக் கடந்த அவர் காணொளியிலும் தோன்றிப் பாடினார். அந்தப் பாடல் அமெரிக்காவின் முதன்மைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஹாலோவே 2011 மார்ச்சில் தம் அறுபத்து நான்காம் வயதில் காலமானார். ஐரோப்பிய நடன இசையின் வரலாற்றை எழுதுவோர் பிளாக் பாக்ஸைப் பற்றிய பக்கத்தில் டாவோலி, லிமோனி, செம்ப்ளிச்சி ஆகியோரின் பெயர்களோடு ஹாலோவே, மார்த்தா வாஷ், ஹெதர் ஸ்மால் ஆகிய மூவரின் பெயர்களையும் அதே வரியில், அதே அளவு எழுத்தில் எழுத வேண்டும்.